நாடகத் தளத்துக்கு ஒரே பாஸ்வேர்டு

அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதில் ஒருபக்கச் சாய்வு இருக்கிறதென்று படிப்பவர்களுக்குத் தோன்றினால், தோன்றட்டும்.

அருப்புக்கோட்டையைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டை அழித்துக் கட்டிய ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் நானும் அவளும் ஆங்கிலம் நடத்துகிறோம். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டிக் கிடந்தன. அவள் டவுனில் நூல் வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் திருச்சுழிப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். வேலையில் இருந்துகொண்டே இருவரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தோம்.

பிரிட்டிஷ் நாடக ஆசிரியை ஒருவரை நான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்களில் மிஞ்சிப்போன ஜனங்களைப் பற்றியே எழுதியவர். அதிகம் பேசப்படாதவர். மதுரைக் கடைகளில் அவருடைய ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடினால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளும், தேர்வுக்கென்று விற்கும் கட்டுரைகளும்தான் வரும். உருப்படியாக இருந்தது ஒரே ஒரு தளம். மேடையேறிய நாடகங்களின் வீடியோ, முழுப் பிரதி, நடிகர்களின் பேட்டி எல்லாம் அதில் இருந்தன. சந்தா கட்டினால்தான் பார்க்க முடியும். கல்லூரி அதில் ஒரு கணக்கு வாங்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம்.

அப்போது நாங்கள் நன்றாகத்தான் பழகினோம். மதியம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். ஒருநாள் சாப்பிடும்போது என் ஆராய்ச்சியின் மையமான விஷயத்தை அவளிடம் சொன்னேன். அந்த அம்மாளின் நாடகம் ஒன்றில் வேலை போனவர்கள் உதவிப்பணத்துக்காக அலுவலக வரிசையில் நிற்பார்கள். நாடகம் முழுக்க அந்த வரிசைதான். நின்றுகொண்டே சண்டை போடுவார்கள், சம்பந்தம் பேசுவார்கள், முன்னால் நிற்பவனை உளவு பார்ப்பார்கள். மழை பொய்த்த வருஷம் வறட்சி நிவாரண மனுவோடு என் அப்பாவுக்குத் துணையாகத் திருச்சுழியில் நான் நின்ற வரிசையும் அப்படியேதான் இருந்தது. காய்ந்துபோன மிளகாய்ச் செடியைப் பற்றி யாரும் அங்கே பேசவில்லை. பட்டியலில் யார் பெயரை யார் விட்டுவிட்டார்கள் என்பதுதான் பேச்சு. பஞ்சம் ஜனங்களை ஒன்று சேர்க்காது, வரிசையில் நிறுத்தி ஒருவரை ஒருவர் வெறுக்க வைக்கும் என்பது என் வாதம். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நல்லா இருக்கு மேடம் என்றாள். அந்தத் தளத்தைத் தானும் பார்க்கலாமா என்றாள். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அவள் தன் தலைப்பை மாற்றிக்கொண்டாள். அதே நாடக ஆசிரியை. அவளுடைய ஆய்வு நெறியாளர் வேறு என்பதால் தடுக்க ஆளில்லை. கேட்டதற்கு, அவுக என்ன உங்களுக்கு மட்டும் எழுதி வச்சுட்டுப் போனாகளா என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு தளமே எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் சிக்னல் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில்தான் எடுக்கும், அதுவும் வீடியோ ஓடுகிற அளவுக்கு இல்லை. கல்லூரிக் கணினியை விட்டால் எனக்கு வழி கிடையாது. அவள் வீட்டிலோ நல்ல இணைப்பு. நான் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்தால், வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று திரையில் வரும். அந்த வேறொருவர் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். வீட்டுக் கணினியில் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருப்பாள். சொன்னால், மறந்துட்டேன் மேடம் என்பாள். மறுநாளும் மறந்திருப்பாள்.

பிறகு மதுரையில் ஒரு கருத்தரங்கு நடந்தது. நான் போகவில்லை. அவள் வாசித்த கட்டுரை அச்சாகி ஆசிரியர் அறைக்கு வந்தபோதுதான் படித்தேன். சுரங்க ஊர் வரிசையும் எங்கள் வறட்சி வரிசையும் அதில் இருந்தன. திருச்சுழி என்ற பெயர்கூட இருந்தது. அந்த வரிசையில் ஒருநாளும் நிற்காதவள் வெயில் எப்படி இருந்தது என்று எழுதியிருந்தாள்.

கேட்டேன்.

"பேச்சுவாக்குல சொன்னதுதான மேடம். நீங்க எழுதி வச்சிருந்தீகளா?"

அறையில் நாலு பேர் இருந்தார்கள், யாரும் தலை தூக்கவில்லை. அன்று மதியமே கணினி அறைக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினேன்.

அவளுக்கு அடுத்த வாரம் ஆய்வுக் குழு முன்னால் மதிப்பீடு இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மாற்றினேன். முதல் நாள் தளம் திறக்கவில்லையே என்று கேட்டாள். அங்கேயே ஏதோ கோளாறு, எனக்கும் வரவில்லை என்றேன். மூன்றாம் நாள் வந்து நின்றாள், குரல் இறங்கியிருந்தது.

"மாத்தியிருந்தா சொல்லிருங்க மேடம். ரெண்டு சீன் பாக்கணும், அவ்வளவுதான்."

"நான் ஏன் மாத்தப்போறேன்" என்றேன்.

மதிப்பீட்டில் அவள் நாடகத்தின் முடிவைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். குழுவில் இருந்த ஒருவர் அந்த நாடகத்தைப் படித்தவர். மூலத்தையே பார்க்காமல் ஆராய்ச்சியா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்து நினைத்து ரசித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. தோன்றிய பாஸ்வேர்டை எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். தளத்துக்காரர்கள் சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கி, கல்லூரி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். எந்தக் கணினியிலிருந்து எப்போது பார்த்தார்கள், பாஸ்வேர்டு எப்போது மாறியது என்ற விவரமும் கூடவே வந்தது. முதல்வர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துத்தான் பேசினார். மாணவிகளுக்காக வாங்கினதை ஒரு மாணவியாவது பார்த்திருக்கிறாளா என்று கேட்டார். ஒருத்தியும் பார்க்கவில்லை. கணக்கை ரத்து செய்துவிட்டார். வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்து, "இப்ப திருப்திதான" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் மேசையை நானே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இலவசமாகக் கிடைப்பதைத் தேட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்த்தொட்டி நிழலில் போனோடு உட்கார்வேன். அந்தச் சுரங்க ஊர் நாடகக் கம்பெனி ஒன்று தன் பழைய நிகழ்ச்சிக் குறிப்புகளைப் படமெடுத்துப் போட்டிருந்தது. ஒரு வானொலிப் பேட்டி ஒலியாக மட்டும் கிடைத்தது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திறந்தே வைத்திருந்தன. ஓய்வுபெற்ற நடிகை ஒருவர் அந்த அம்மாளின் நாடகங்களில் தான் நடித்த காட்சிகளைப் பற்றி இணையத்தில் வாராவாரம் எழுதியிருந்தார். அவருக்குக் கடிதம் போட்டேன். பிரதியின் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினார். இது எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் மறுபடியும் தலைப்பை மாற்றினாள், அவளுக்கு ஒரு வருஷம் வீணாகப் போயிற்று. என்னால்தான் போயிற்று. எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது. அன்றைக்கு உறுத்தவில்லை.

என் வாய்மொழித் தேர்வு வந்தது. அது பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். கடைசி வரிசையில் அவள் வந்து உட்கார்ந்திருந்ததை நான் பேச எழுந்த பிறகுதான் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் வரிசை அத்தியாயத்தைப் பாராட்டினார். கேள்விகள் உண்டா என்றார். அவள் எழுந்தாள்.

"இந்த ஒப்பீடு ஏற்கெனவே அச்சுல வந்திருக்கு. நான் எழுதினது. இவங்க ஆய்வேட்டுல அதைக் குறிப்பிடவே இல்லையே, ஏன்?"

கையில் அந்தக் கருத்தரங்கு மலர் இருந்தது. பக்கத்தைத் திறந்து தேர்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அது என் யோசனை, அந்த வரிசையில் நின்றது நான், சாப்பிடும்போது இவளிடம் சொன்னது நான் என்றேன். சொல்லச் சொல்லவே அது எவ்வளவு பலவீனமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. தேர்வாளர் பொறுமையாகத்தான் சொன்னார்:

"அச்சுல எது முன்னால வந்துச்சோ அதுதாம்மா கணக்கு. ஒரு அடிக்குறிப்பு போட்டுருங்க, இதனால பட்டம் நின்னு போகாது."

என் நெறியாளர் மேசைக்கடியில் கையை அசைத்து, சரி என்று சொல் என்றார். சரி என்றேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது நடையில் அவள் எனக்கு எதிரே வந்தாள். ஒதுங்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"நான் அன்னைக்குக் கேட்டப்ப ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா, இன்னைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்."

"என்னோடத எடுக்காம இருந்திருந்தா, நானும் மாத்தியிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். மறுநாள் அடிக்குறிப்பைத் தட்டினேன். அவள் பெயர், கட்டுரைத் தலைப்பு, பக்க எண். என் அப்பாவோடு நான் நின்ற வெயிலுக்குக் கீழே அவள் பெயர் பைண்டு செய்யப்பட்டு நூலகத்தில் இருக்கிறது.

இந்த வருஷம் பிரிட்டிஷ் நாடகம் என்ற பாடத்தை எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். முதல் மூன்று அலகு அவளுக்கு, மீதி எனக்கு. அவள் எங்கே நிறுத்தினாள் என்று மாணவிகளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.