மேல்வீட்டின் கதையைச் சொன்னவர்

வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பியோ ஜோங்கில் என்பவர் மாளிகையைக் காட்டவேயில்லை. மாளிகைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, வந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பூசானிலிருந்து வந்த ஒரு பெண் பைக்குள் கையை விட்டதும் அவருடைய தோள் விறைத்தது.

நான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னேன்: “அண்ணே, அந்தம்மா ஆரஞ்சுப் பழம் எடுக்குறாங்க. அவ்வளவுதான்.”

“பழக்கதோஷம்மா,” என்றார்.

பழக்கம்தான். சியோலிலிருந்து ஜனாதிபதிகள் கோடையில் வந்து தங்கிய அந்த மாளிகையின் வாசலில் அவர் ஏறக்குறைய இருபது வருடம் காவல் நின்றவர். காகிதத்தில் அதற்குப் பெரிய பெயர் உண்டு. எங்கள் ஹேசோங்கே கிராமத்துக்கு அது மேல்வீடு. குன்றின் மேலே, பைன் மரங்களுக்கு நடுவே இருந்ததால் அப்படி. மேல்வீட்டில் ஆள் இருந்தால் கீழே படகு எடுக்கக்கூடாது. குன்றுப் பக்கம் பிள்ளைகள் காளான் பொறுக்கப் போனால் ஜோங்கில் வந்து நிற்பார். “திரும்பிப் போ” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஊரில் அவருக்குத் ‘திரும்பிப்போ பியோ’ என்றே பெயர்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மனைவி இறந்துவிட்டார். மகள் பூசானில் இருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, மிளகாய்ச் செடி வளர்த்துக்கொண்டு இருந்தார். யாரும் அவரோடு சண்டை போடவில்லை. யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. மேல்வீட்டை மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், சுற்றிக்காட்ட ஆள் வேண்டும் என்று மாவட்ட அலுவலகம் அறிவித்தபோது விண்ணப்பம் போட்ட ஆறேழு பேரில் அவரும் ஒருவர். நானும் போட்டிருந்தேன். நேர்காணலில் அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு மேலாளராக வந்த சூகியோங் மட்டும் சிரிக்கவில்லை. “உள்ளே எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவர்தான்,” என்று அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் அவருடைய சுற்றில் வந்தவர்கள் பாவம். கட்டிய வருடம், கூரை ஓட்டின் நிறம், தோட்டத்தின் பரப்பு எல்லாம் ஒப்பிப்பார். ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: “ஜனாதிபதி எங்கே படுத்துத் தூங்குவாரு?”

ஜோங்கில் முகம் இறுகியது. “அதைச் சொல்லக்கூடாது.”

“அண்ணே, கட்டிலு முன்னாடிதான் இருக்கு. எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க,” என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஏதோ கனமான பொருளைத் தூக்கிக் கொடுப்பதுபோல, “அங்கதான்,” என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. கோடை இரவொன்றில் ஒரு ஜனாதிபதி அலைச் சத்தத்தில் தூக்கம் வராமல் சமையலறைக்கு வந்ததையும், அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த தன்னைப் பார்த்து “நூடுல்ஸ் போடத் தெரியுமா?” என்று கேட்டதையும், இருவரும் நின்றபடியே ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டதையும் சொன்னார். வந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. “நூடுல்ஸ் தாத்தா சுத்துல போகணும்” என்று கேட்டே டிக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மனிதர் பேசக் கற்றுக்கொள்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்குப் போகும்போது அவர் நடையே மாறியிருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கினாள் சூகியோங். அன்றுதான் ஓக்பூன் அக்கா வந்தார்.

ஓக்பூன் அக்கா சிப்பி உடைக்கிறவர். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து கத்தியால் சிப்பி திறந்து திறந்து விரல்கள் வளைந்துபோனவர். குரல் மட்டும் வளையாது. வாழ்நாள் முழுக்க அந்தக் குன்றுக்குக் கீழே இருந்தவர், அன்றுதான் முதல்முறையாக மேலே ஏறினார். வெளியூர்க்காரர்களும் இருபது பேர் கூட இருந்தார்கள். ஜோங்கில் எல்லோரையும் மேல்தளத்துத் திறந்தவெளிக்கு அழைத்துப்போய், “இங்கேயிருந்து துறைமுகமும் கிராமமும் நல்லாத் தெரியும்,” என்றார்.

“தெரியும்தான்,” என்றார் அக்கா. “அந்தப் பச்சைக் கூரை என் வீடு. இந்தப் பக்கத்துச் சுவத்தைப் பாருங்க எல்லாரும். பலகை தெரியுதா? அங்க ஜன்னல் இருந்துச்சு. எண்பதுகள்ல மூடினாங்க. இங்க உக்காந்து காத்து வாங்குற ஜனாதிபதியை என் வீட்டுக்காரரு பாத்துருவாராம்!”

சிலர் சிரித்தார்கள். அக்கா ஜோங்கில் பக்கம் கையை நீட்டினார். “பலகை அடிச்சது யாரு தெரியுமா? இந்தா, இந்த நூடுல்ஸ் தாத்தாதான்.”

சிரிப்பு நின்றது. ஜோங்கில் தலையசைத்தார். “ஆமா. நான்தான். உத்தரவு வந்துச்சு, நான் போய் அடிச்சேன்.”

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஒரு நடுவயதுக்காரர், சும்மா தெரிந்துகொள்ளத்தான், அக்காவிடம் கேட்டார்: “இப்போ இங்க யாரும் தங்குறதில்லையே. இன்னும் ஏன் மூடி வச்சிருக்கீங்க?”

“திறக்கலாம்னு யாரும் வந்து சொல்லலையே. மூடச் சொன்னவங்கதான திறக்கச் சொல்லணும்?”

நான் ஜோங்கிலைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குக் கூட்டிப்போயிருந்தால் இந்தப் பூமியில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த உத்தரவை ரத்து பண்ணிட்டாங்க,” என்றார். “தொண்ணூறுகள்லயே. ஜன்னல் மூடின மூணு வீட்டுக்கும் போய்ச் சொல்லுன்னு என்னைத்தான் அனுப்பினாங்க. ரெண்டு வீட்டுக்குப் போனேன். உங்க வீட்டுக்கு வரல.”

“ஏன்?”

“பலகை அடிச்ச அன்னைக்கு உங்க வீட்டுக்காரரு என் தலையில மீன் தண்ணியை ஊத்தினாரு. துறைமுகமே பாத்துச் சிரிச்சுது. அந்தக் கோபம். அப்புறம் போய்க்கலாம், அப்புறம் போய்க்கலாம்னு விட்டேன். அப்புறம்… போகவேயில்ல.”

வெளியூர்க்காரர்களுக்கு அது ஏதோ பழைய ஊர்ச் சண்டை. எங்களுக்கு அப்படியில்லை. அக்காவின் கணவர் கிசோப் நெத்திலிப் படகு ஓட்டியவர். தொண்ணூறுகளின் கடைசியில் பக்கவாதம் வந்து, ஜன்னல் மூடிய அந்த அறையில்தான் படுத்தார், வருடக்கணக்காகப் படுத்திருந்தார். மற்ற இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ‘கடல் எப்படியிருக்கு?’ என்று அவர் குழறிக் கேட்பதும், அக்கா வாசலுக்கு ஓடிப் பார்த்து வந்து சொல்வதும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்படியேதான் அவர் போய்ச்சேர்ந்தார்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை சூகியோங் ஜோங்கிலை உட்கார வைத்துப் பேசினாள். கோபத்தைவிடக் குழப்பம்தான் அவளுக்கு அதிகம். “சொன்னது தப்புன்னு சொல்லலை சார். அத்தனை பேரு முன்னாடி சொல்லணுமா?”

“அவங்க அத்தனை பேரு முன்னாடிதான கேட்டாங்க,” என்றார். மார்பில் குத்தியிருந்த பெயர் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஜோங்கில் ஒரு கடப்பாரையோடு அக்கா வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். தெருவே வேடிக்கை பார்த்தது.

“எதுக்கு வந்தே?”

“கழட்டிடுறேன் அக்கா.”

“தொட்டா கையை வெட்டிடுவேன். எல்லாம் நீயே பண்ணணுமா? அடிக்கிறதும் நீ, கழட்டுறதும் நீயா? போ.”

போனார். மிளகாய்ச் செடிகள் வாடின. வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே இருந்தது. மேல்வீட்டில் நூடுல்ஸ் தாத்தாவைக் கேட்டு வந்தவர்களிடம், அவருக்கு உடம்பு சரியில்லை என்று நான் பொய் சொன்னேன்.

சிப்பிக் காலம் தொடங்கியதும், விடுமுறை நாளில் நானும் கொட்டகைக்குக் கை கொடுக்கப் போனேன். அக்கா பக்கத்தில் இடம். சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்:

“அந்த ஆளு மேல்வீட்டுல இன்னும் கதை சொல்லிட்டிருக்கானா?”

“இல்லக்கா. வேலையை விட்டுட்டாரு.”

கத்தி நின்றது. “விட்டுட்டானா? யாரைக் கேட்டு விட்டான்?”

“அவமானமா இருக்காதாக்கா அவருக்கு?”

“நல்லா இருக்குடி உங்க நியாயம். இவன் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்குவான். மேல போறவங்கள்லாம் ஜனாதிபதி நூடுல்ஸ் தின்ன கதையைக் கேட்டுட்டு, கடலைப் பாத்துட்டு, பஸ் ஏறிப் போவாங்க. என் வீட்டுக்காரருன்னு ஒரு ஆளு இங்க இருந்தாருன்னு எவனுக்குத் தெரியும்?” சிப்பி ஓட்டைத் தூக்கிக் கூடையில் எறிந்தார். “அவனைப் போய்ச் சொல்லச் சொல்லு. அதே இடத்துல நின்னு சொல்லணும். வர்ற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லணும். கிசோப்னு பேரோட சொல்லணும்.”

நான் அன்றைக்கே போய் ஜோங்கிலிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, “நிஜமா அவங்களே சொன்னாங்களா?” என்றார். “கேவலமா திட்டிட்டுத்தான் சொன்னாங்க,” என்றேன். அப்போதுதான் நம்பினார்.

சூகியோங் முதலில் தயங்கினாள். வழிகாட்டிகள் எதைச் சொல்லலாம் என்பதற்கு எழுதி, கையெழுத்து வாங்கிய பாடம் இருந்தது. அதில் கிசோப் இல்லை. மேலிடத்தில் கேட்டால் நாள் ஆகும், கேட்காவிட்டால் தன் தலை உருளும் என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கேட்காமலே சரி என்றாள். “யாராவது கேட்டா மேல்தளத்துல இருந்து தெரியிறதைத்தான சொல்றோம்னு சொல்லிக்கலாம்.”

ஜோங்கில் திரும்பி வந்தார். முதல் தடவை சொன்னபோது குரல் எழும்பவில்லை, பின்வரிசைக்குக் கேட்கவேயில்லை. இரண்டாம் தடவை ஒரு முதியவர், “இதையெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிறியா?” என்று திட்டிவிட்டுப் போனார். ஒரு பெண் அழுதாள். சிலர் காதில் வாங்காமல் போட்டோ எடுத்தார்கள். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். சொல்லி முடித்ததும் அடுத்த அறைக்கு நடக்க அவருக்குச் சற்று நேரம் பிடிக்கும். அப்போதெல்லாம் நான் முன்னே போய்க் கூட்டத்தைக் கூட்டிப்போவேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்து கடைசியில் நின்றார். ஜோங்கில் மீன் தண்ணீர் ஊற்றிய இடம் வரைக்கும் வந்ததும் அக்கா குரல் கொடுத்தார்:

“மீன் தண்ணியில்ல. சிப்பி கழுவின தண்ணி. மூணு நாள் பழசு. அவரு எடுத்து வச்சிருந்தாரு, யார் தலைக்குன்னு தெரியாம.”

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. ஜோங்கிலுக்கும் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதான் அவ்வளவு நாத்தமா!” என்றார்.

அந்த வாரமே அக்கா என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து பலகையைப் பெயர்த்தோம். ஆணிகள் துருப்பிடித்துக் கையோடு வந்தன. வெளிச்சம் உள்ளே விழுந்ததும் அறையின் சுவரில் இருந்த கறையெல்லாம் தெரிந்தது. அக்கா கடலைப் பார்க்கவில்லை. கிசோப் படுத்திருந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “துடைக்கத் துணி எடு,” என்றார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அக்கா மேலே வர ஆரம்பித்தார். இருவரும் அங்கே நின்று சண்டை போடுவார்கள்: எந்த வருடம், யார் முதலில் கத்தியது, பலகை அடிக்க ஏறிய ஏணி யாருடையது. வந்தவர்களுக்கு அது மாளிகையைவிடப் பிடித்தது. ஒரு பெண், “நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?” என்று கேட்டுவிட்டாள்.

“எம் புருஷன் இருந்திருந்தா, இப்படிக் கேட்டதுக்கே உன்னைக் கடல்ல தள்ளியிருப்பாரு,” என்றார் அக்கா. ஜோங்கில் பக்கம் திரும்பி, “இவனை அதுக்கு முன்னாடியே,” என்றார்.

மன்னித்தேன் என்று அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. ஜோங்கில் கேட்டதாகவும் தெரியவில்லை. கிசோப்பின் நினைவு நாளுக்கு அவர் வாசல் வரை ஒரு பெட்டி பேரிக்காயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்றாவது வருடம் அக்கா கதவைத் திறந்து, “பழத்தை வச்சிட்டு ஓடுறதுக்கு நீ என்ன நாயா? செருப்பைக் கழட்டு,” என்றார். அவர் உள்ளே போய், கிசோப்பின் படத்துக்கு முன்னால் தரையில் நெற்றி படும்படி இரண்டு முறை விழுந்து வணங்கினார். இரண்டாவது முறை எழ முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அக்காவின் மகன்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி, மேசையருகில் உட்காரவைத்தார்கள்.

போன வருடம் அவர் மகளோடு இருக்கப் பூசானுக்குப் போய்விட்டார். சனிக்கிழமைச் சுற்றை இப்போது அக்காதான் பார்க்கிறார். சூகியோங் பெயர் வில்லை செய்து கொடுத்திருக்கிறாள். அக்கா அதைச் சட்டைக்குள் பையில் போட்டுக்கொள்வார், வெளியே குத்தினால் சிப்பி வாடை ஒட்டிக்கொள்ளுமாம். ஜோங்கில் மாதம் ஒருமுறை போன் செய்து, ஏணி விஷயத்தை அக்கா என்னவென்று சொல்கிறார் என்று என்னிடம் விசாரிக்கிறார். அக்கா சொல்கிறபடியே நான் சொன்னால், மறுமுனையில் பெருமூச்சு விட்டு, “அது தப்பு. ஏணி நான் கொண்டுவந்தது,” என்கிறார்.