பந்தயம் வரும் பாதையில் ஒரு கோலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் மகளின் குட்டி சைக்கிளில் ஏறி, தெருவே வேடிக்கை பார்க்க, வேண்டுமென்றே கீழே விழ முயற்சி செய்தேன்.

விழ முடியவில்லை.

விழக் கூடாத இடங்களில் எல்லாம் விழுந்திருக்கிறேன். கல்யாண மண்டபத்துப் படியில், ஆபீஸ் லிஃப்ட் வாசலில், மாமியார் பலகாரத் தட்டோடு எதிரே வந்தபோது... ஆனால் விழுந்தே ஆக வேண்டும் என்ற அன்றைக்குப் பார்த்து, சர்க்கஸ்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வளைவில் அழகாகத் திரும்பி, பெல் வேறு அடித்துவிட்டு வந்து நின்றேன்.

ஏன் விழ நினைத்தேன்? சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு — பெங்களூரைத்தான் சொல்கிறேன். ஆம்பூரிலிருந்து வந்து, மித்ரா பிறந்து, யு.கே.ஜி. போகிற அளவுக்கு ஆகிவிட்டது, இனி இதுதானே எங்கள் ஊர் — வெளிநாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் சைக்கிள் பந்தயம் வந்தது. ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு மரம் நடச் சொல்லிப் போகும் ஊர்வலம் இல்லை. சைக்கிள் ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் பந்தயம். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்து, ஜோகுபாளையத்தில் சரியாக எங்கள் வீட்டு முனையில் திரும்பும் என்று வழித்தட மேப் வெளியானது.

அன்றிலிருந்து என் கணவர் கார்த்திக்கின் கால் தரையில் பாவவில்லை.

கார்த்திக் ஒரு சைக்கிள் பைத்தியம். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சனிக்கிழமை நந்தி மலைக்கு சைக்கிளில் போய் மிச்சக் கூனையும் போட்டுவிட்டு வருகிறவர். பந்தயச் செய்தி வந்ததும் ஒரு படி மேலே போய், கால் முடியை மழித்துவிட்டு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார்.

"ப்ரோ ரைடர்ஸ் எல்லாம் இப்டித்தான் கவி. காத்து தடுக்காது."

பந்தயத்தில் ஓட்டப் போவது இவர் இல்லை. ஓரமாக நின்று கை தட்டப் போகிறவர். கை தட்டுவதற்குக் கால் எதற்கு வழவழவென்று இருக்க வேண்டும்? கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதால்தான் குடும்பம் ஓடுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய சைக்கிள் நண்பர்கள் சாக்பீஸ் டப்பாவோடு வந்து இறங்கினார்கள். எல்லாருமே ஆளுக்கொரு பிள்ளை பெற்றவர்கள். முட்டி போட்டு, தெருமுனைத் தார் ரோட்டில் வீரர்களின் பெயர்களைப் பெரிய பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள்.

சுசீலாக்கா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

சுசீலாக்கா எங்கள் வீட்டு ஓனர். கீழ் வீட்டில் அவர், மாடியில் நாங்கள். ஆடி மாதம் அம்மன் தேர் வரும்போது, தெருவில் எந்த வாசலில் என்ன கோலம், எத்தனை குடம் தண்ணீர் என்று முடிவு செய்கிறவர். குடிவந்த புதிதில் என்னிடம் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைப் பற்றி மட்டும்தான் பேசுவார். உகாதிக்கு மித்ராவைக் கூப்பிட்டு, நம் போளியை இங்கே சொல்கிற ஒப்பட்டு ஊட்டிவிடும் அளவுக்கு இப்போதுதான் முன்னேறியிருக்கிறோம். இந்த முன்னேற்றத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இன்னா கார்த்தி, ஸ்கூல் பசங்க மாதிரி ரோட்ல எழுதிகினு கீற?"

"ஐரோப்பால இப்டித்தாங்கா. வர்ற ரைடர்ஸ் பேர ரோட்ல எழுதி வெப்பாங்க. ஒரு வரவேற்பு."

சுசீலாக்கா எழுத்துகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வரவேற்பா இது? கோழி கிண்டி வுட்ட மாதிரி கீது. நம்ம தெருவுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து வரானுங்க, நல்லா கூப்பட வேணாமா? காலைல நான் போடறேன் பாரு கோலம்!"

"சூப்பர்க்கா! போடுங்கக்கா!" என்றார் கார்த்திக். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏதோ ஒரு பெல்ஜியக்காரரின் பெயருக்கு ஸ்பெல்லிங் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதே உறுத்தியது. கோலம் என்றால் தண்ணீர் தெளிப்பார்களே... வழுக்காதா? என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சி ஆறின தண்ணீரைச் சந்தேகப்பட்டு மறுபடி காய்ச்சுகிறவள் நான். நான் சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் விடிவதற்குள் கார்த்திக் பந்தயம் முடியும் இடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் கண் விழித்தது தண்ணீர்ச் சத்தத்தில். மழையா? பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

மழை இல்லை. பக்கத்து வீட்டு மணிண்ணா. மோட்டாரிலிருந்து பைப்பை இழுத்து வந்து, தெருமுனை ரோட்டை யானையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் பெல்ஜியக்காரர் கரைந்து சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் சுசீலாக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நனைந்த ரோட்டின் முழு அகலத்துக்கும் இரண்டு பெரிய சக்கரங்கள் போட்டு, கம்பி கம்பியாக இழைத்து, கலர்ப்பொடி நிரப்பினார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு. போட்டோ எடுத்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

ஏனென்றால், முந்தின வாரம் கார்த்திக் மித்ராவுக்குத் தன் சைக்கிளைக் காட்டி விளக்கியது ஞாபகம் வந்தது. "இந்த டயர் ரோட்டத் தொடற எடம் உன் கட்டைவிரல் சைஸ்தான்டா. அதுலயே சாஞ்சு திரும்புவாங்க, ஸ்கூட்டர் ஸ்பீடுல!" கட்டைவிரல் அகல டயர். ஸ்கூட்டர் வேகம். ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு வரும் கூட்டம். அவர்கள் சாய்ந்து திரும்பப் போகிற அதே இடத்தில், தண்ணீரில் குழைந்த கலர்ப்பொடி. வெயில் வந்தாலாவது காயும். பெங்களூர் வானமோ போர்வையை விலக்குவதாக இல்லை.

கார்த்திக்குக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் செய்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தியபடி ஒரு செல்ஃபி அனுப்பினார்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால்? தண்ணீரையும் பொடியையும் இவர்கள் பார்க்காததா? இரண்டு மணி நேரமாகக் குனிந்த இடுப்பு நிமிராமல் உழைத்தவர்களிடம் போய், வாடகைக்கு இருக்கிறவள், 'அழித்துவிடுங்கள்' என்பதா? அதுவும் விருந்தாளி வருவதற்கு முன்னால்? வாசலில் கோலம் இல்லாத வீடு என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சரி, நான் நினைப்பது சரியாக இருந்தால்?

மித்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"அக்கா... ரொம்ப அழகா இருக்குக்கா."

"பின்ன?"

"கொஞ்சம் ஈரமா இருக்கோ?"

"ஈரத்துலதாம்மா கோலம் ஒக்காரும். உங்க ஆம்பூர்ல காஞ்ச தரைலயா போடுவீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். மணிண்ணா பைப்பைச் சுருட்டியபடி, "இந்தப் பொண்ணு சும்னே டென்ஷன் ஆவும்க்கா. மேல ஏரோப்ளேன் போனாக்கூட கொழந்தைய உள்ள தூக்கினு ஓடற ஆளு" என்றார்.

உண்மைதான். அது ரொம்பத் தாழ்வாகப் பறந்தது.

பேரிகேட் பக்கம் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்தேன். சட்டம் ஒழுங்கு என்னைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை. அவர் "சென்னாகிதேம்மா!" என்று சுசீலாக்காவைப் பாராட்டிவிட்டு, கோலத்தை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. வாயால் சொன்னால்தானே சிரிக்கிறார்கள்? நேரில் காட்டிவிட்டால்?

"இருங்கக்கா, வழுக்குதா இல்லையான்னு பாத்துடலாம்" என்று சொல்லி, மித்ராவின் ரோஸ் நிற சைக்கிளை இழுத்து வந்தேன். முட்டி இரண்டும் காதைத் தொட, கைப்பிடியில் ஜிகினா நூல் பறக்க, மிதித்தேன். கோலத்துக்குள் நுழைந்தேன். சாய்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

தெருவே கை தட்டியது. "அம்மா சூப்பர்! இன்னொரு ரவுண்டு!" என்று குதித்தாள் மித்ரா.

"பாத்தியா? நீயே வுழல. அவனுங்க ஓட்டறதுக்குன்னே பொறந்தவனுங்க, அவனுங்களா வுழுவானுங்க?" என்றார் சுசீலாக்கா. மறுக்க முடியாத வாதம். என் கேஸுக்கு நானே எதிர்சாட்சி.

பேசாமல் மாடிக்குப் போய் டிவியில் பார்க்கலாமா என்று யோசித்தேன். தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பந்தயம் கிளம்பிவிட்டது. கால் நகரவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியலக்கா" என்றேன். "வழுக்காமயும் போலாம். நான் மெதுவா வந்தேன், அவங்க வேகமா வருவாங்க. ஒருவேள வழுக்குச்சுன்னா... வுழறது உங்க கோலத்து மேலதான். உங்க வாசல்லதான். அந்தப் பசங்களோட அம்மாங்க எல்லாம் அவங்க ஊர்ல டிவி முன்னாடி ஒக்காந்துட்டு இருப்பாங்கக்கா. அவங்களுக்கும் என்ன மாதிரிதான வயித்தக் கலக்கிட்டு இருக்கும்?"

எனக்கு வேறு கலை எதுவும் தெரியாது. பயப்படத் தெரியும். அதை நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கத் தெரியும்.

சுசீலாக்கா என்னைப் பார்த்தார். பிறகு கோலத்தைப் பார்த்தார். கோலத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஒரு பெண் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தபோது, "கைய வெக்காத" என்றார். "நான் போட்டத நான்தான் அழிப்பேன்."

துடைப்பத்தை வாங்கி, முதல் சக்கரத்தின் நடுவில் அவரே ஒரு இழுப்பு இழுத்தார். எனக்குத்தான் பகீரென்றது.

"இன்னா பாத்துகினு கீறீங்க? வூட்ல இருக்கற பழந்துணி எல்லாத்தயும் கொண்டாங்க! டேய் மணி, இவ்ளோ தண்ணிய வுட்டியே, வந்து தொட!"

பத்தே நிமிடத்தில் ஜோகுபாளையம் அதுவரை பார்த்திராத ஒரு காட்சி அரங்கேறியது. நைட்டி, லுங்கி, கிழிந்த போர்வை, அரிசி மூட்டைக் கோணி... கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு ஒரு தெருவே ரோட்டைத் துவட்டியது. நான் மாடிக்கு ஓடி, கார்த்திக் சைக்கிள் துடைப்பதற்கென்று பீரோவில் பூட்டி வைத்திருந்த விலை உயர்ந்த துணிகளைக் கத்தையாக அள்ளி வந்தேன். சைக்கிளுக்காகத்தானே வாங்கினார்? சைக்கிளுக்காகத்தான் போனது.

"ஏனம்மா இது, ரோட்டுக்குத் தலை துவட்டறீங்களா?" என்று ஓடி வந்த கான்ஸ்டபிளிடம் மணிண்ணா கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறியது. "பேகா! பேகா! சீக்கிரம்! வண்டி வந்தாச்சு!" என்று கத்தியபடி, அவரும் ஒரு போர்வையைக் காலில் மிதித்துத் தேய்க்க ஆரம்பித்தார். போலீஸ் ஷூவுக்குத் தனித் திறமை இருக்கிறது. ஓரத்துச் சிவப்பு எல்லாம் ஒரே தேய்ப்பில் போயிற்று.

விசில் சத்தம். எல்லாரும் துணிகளை வாரிக்கொண்டு ஓரத்துக்குப் பாய்ந்தோம். முன்னால் கார், மோட்டார் சைக்கிள்... பிறகு ஒரு காற்று. நூறு தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு ஒலி. கலர் கலராக ஒரு கூட்டம் எங்கள் வளைவைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். ரோட்டில் அங்கங்கே இன்னும் ஈரத் திட்டுகள். நான் மித்ராவை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா, கண்ணத் தொற. போய்ட்டாங்க!"

அவ்வளவுதான். வீட்டு வாசலுக்கே வந்த சர்வதேசப் பந்தயத்தில் ஒரு சைக்கிளைக்கூட நான் முழுசாகப் பார்க்கவில்லை.

யாரும் விழவில்லை. ஒருவர் திரும்பும்போது லேசாக ஆடினாராம், மணிண்ணா சொன்னார். "அதெல்லாம் ஒண்ணும் ஆடல" என்றார் இன்னொருவர். எப்படியோ, எல்லாரும் மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

முன்ஜாக்கிரதையில் இதுதான் பெரிய சிக்கல். ஸ்வெட்டர் போட்டு அனுப்பினால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. சாயங்காலம் வந்து, 'பாத்தியா, சளியே பிடிக்கல, எதுக்கு ஸ்வெட்டர்?' என்று அதே பிள்ளை கேட்கும். நடக்காத விபத்துக்கு என்ன சாட்சி காட்ட முடியும்? பயந்தது பலித்தால், ராசியில்லாத வாய் என்பார்கள். பலிக்காவிட்டால், பயந்தாங்கொள்ளி என்பார்கள். அம்மாக்கள் ஜெயிக்கிற மாதிரி இதில் ஒரு வழியும் வைக்கவில்லை.

சுசீலாக்கா நடுரோட்டில் இறங்கி நின்றார். அங்குமிங்கும் ஒட்டியிருந்த மஞ்சள் பொடியைப் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தனாச்சும் வுழுந்தானா? அநியாயமா ஒரு நல்ல கோலத்த அழிக்க வெச்சிட்ட!"

"ஆமாக்கா... தப்புதான்க்கா" என்றேன்.

இவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை.