நீஸ் நகரத்துச் சுவரில் ஒரு கதவு

கடற்கரை என்றால் என்னவென்று எனக்கு முழுதாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் குடியிருந்த சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் அப்போது தமிழ்க் கடையும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் வெயில் நன்றாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் ஏற்றிப் பொண்டாய்க் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். அங்கே மணல் இருந்தது, ஆளைப் பிடித்து உருட்டும் அலை இருந்தது. அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு விரல் அளவு உயர்த்திக்கொண்டு, ஈரம் வந்து தொடாத இடமாகப் பார்த்து நின்று, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே இருப்பார்.

அம்மா எல்லாவற்றுக்கும் பயப்படுவார். எங்கள் வீட்டு முன்கதவில் வீட்டுக்காரர் போட்ட பூட்டுக்கு மேலே அம்மா வாங்கிப் போட்ட பூட்டு வேறு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்தால் தானும் கையசைப்பார். பிறகு உள்ளே வந்து, அந்த மனிசன் ஏன் இன்றைக்குக் கையசைத்தது என்று அப்பாவிடம் கேட்பார். அம்மாமார் எல்லாரும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் அப்பா வேலை செய்த கம்பனி அவரைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. ஓகஸ்ட் விடுமுறைக்கு நானும் அம்மாவும் பின்னால் போவதாக ஏற்பாடு. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போகிற வழியில் பிரான்சின் தென்கரையில் நீஸ் என்ற ஊரில் இறங்கித் தம்பியைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி, எனக்கு ஒரே மாமா. கொழும்பில் இருந்து கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போனவர், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியபின் திரும்ப ஏறவில்லை. இப்போது நீஸில், பணக்காரர்கள் உல்லாசப் பயணம் போகும் படகுகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்தார். விமான நிலையத்தில் தோள்வரை தலைமயிரும் தரையைக் கூட்டும் காற்சட்டையுமாக அவர் வந்து நின்றபோது, அம்மாவுக்கு அடையாளம் பிடிபட ஒரு கணம் எடுத்தது.

"என்னடா தலை இது?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு பஸ் வந்து சேரும்வரை அவருடைய கையை விடவில்லை.

மறுநாள் காலையில் மாமாவுக்கு வேலை இருந்தது. போகிற அவசரத்தில், கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்கு வழி சொன்னார்.

"அக்கா, மத்தியானம்வரைக்கும் ஆறுதலா ஊரைச் சுத்திப் பாருங்கோ. பெரிய சதுக்கத்தில ஒரு நீரூற்று இருக்கு. நடுவில வெள்ளைச் சிலை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு அங்க வந்து நில்லுங்கோ, நான் வாறன்."

"துலைஞ்சு போனமெண்டால்?"

"அந்தச் சிலையை ஆரும் தவறவிட ஏலாது, அக்கா."

மாமா சொன்னது உண்மை. சிலை எங்கே இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் ஊர் சுற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே முதலில் அங்கேதான் போனோம். நீரூற்றின் நடுவே, ஒரு வீட்டு உயரத்தில், உடம்பில் ஒரு துண்டுத் துணியும் இல்லாத சலவைக்கல் ஆண்பிள்ளை ஒருவன் நின்றான். அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினார். சதுக்கத்தைச் சுற்றிலும் கதிரை போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. தங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைப் போலச் சாதாரணமாக இருந்தார்கள்.

கடற்கரைக்குப் போனால், அங்கே மணல் இல்லை. கோழிமுட்டை அளவு சாம்பல் நிறக் கூழாங்கற்கள்தான். அலையும் இல்லை. இதையா உலகம் முழுவதும் தேடி வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கடலின் நீலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அது பொண்டாயில் இல்லாத நீலம். நடைபாதையில் நீல நிறக் கதிரைகளில் வயதான சீமாட்டிகள் முத்துமாலையும் கறுப்புக் கண்ணாடியுமாக, மடியில் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தார்கள். கற்களின்மேல் கிடந்த இளம் பெண்களுக்குச் சதுக்கத்துச் சிலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் துணி இருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் என் கண்ணை மறைத்தார். தலைப்பு நைலக்ஸ், எல்லாம் தெரிந்தது.

கடலும் சரிவரவில்லை என்று அம்மா என்னைப் பழைய நகரத்துக்குள் கூட்டிப் போனார். அங்கே தெருக்கள் இரண்டு கை விரித்தால் முட்டுகிற அளவு ஒடுக்கம். மஞ்சளும் செம்மண் நிறமுமான உயர்ந்த வீடுகள். மேலே குறுக்குக் கயிறுகளில் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. சவர்க்காரமும் மீனும் கலந்த வாசனை. அம்மா வரும் வழியை நினைவு வைப்பதற்காகக் கடைகளைத் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்: ரொட்டிக் கடை, செருப்புக் கடை, மாதா சிலை வைத்த மூலை.

அந்தத் தெருவில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். ஒரு வீட்டில் வரிசையாகப் பச்சை நிற யன்னல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று யன்னலே இல்லை. சுவரில் வரைந்த படம். பலகை இடுக்குகள், கொளுக்கி, கொளுக்கி சுவரில் விழுத்திய நிழல் என்று ஒன்று விடாமல் வரைந்திருந்தார்கள். அடுத்த வீட்டில் வரைந்த யன்னலுக்கு வெளியே ஒரு பெண் குனிந்து எட்டிப் பார்த்தாள்; அவளும் வரைந்தவள்தான். நான் அவளுக்குக் கையசைத்த பிறகுதான் அது தெரிந்தது. இது பொண்டாயில் கிடைக்காத விளையாட்டு. எது உண்மை யன்னல், எது பொய் யன்னல் என்று கத்திக்கொண்டு நான் முன்னே ஓட, அம்மா பின்னால் வந்தார்.

"ஓடாத பிள்ளை. நேரம் போகுது. மாமா வந்து நிக்கப்போறான்."

அடுத்த கணம் வெடித்தது.

அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. மலைப்பக்கமிருந்து வந்து, அந்த ஒடுங்கிய தெருவின் இரண்டு சுவர்களிலும் மோதி, என் நெஞ்சுக்குள் போய் அடித்தது. புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. நான் திரும்புவதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. பக்கத்தில் தெரிந்த முதல் கதவை நோக்கிப் பாய்ந்து, இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினார்.

"கதவைத் திறவுங்கோ! திறவுங்கோ!"

பிறகு எனக்குத் தெரியாத ஒரு மொழியில் கத்தினார். அதே நாலைந்து சொற்கள், திரும்பத் திரும்ப. கெஞ்சுகிற குரல். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை ஏன் என்னிடம் மறைத்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதைவிட ஆச்சரியம், அது கதவே இல்லை. கரும்பச்சை நிறம், பித்தளை வளையம், வளையத்துக்குக் கீழே நிழல், எல்லாம் சுவரில் வரைந்தவை. அம்மா வெறும் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அம்மா, அது சும்மா பெயின்ட்!" என்றேன்.

அம்மா அதைக் கேட்கவில்லை. திறக்காது என்று மட்டும் அவருக்கு விளங்கிவிட்டது. என்னைச் சுவரடியில் உட்கார்த்தி, என்மேல் கவிந்து, என் வாயைப் பொத்தினார்.

"மூச்சுக் காட்டாத."

எனக்கு மூச்சுவிடவே முடியவில்லை. அம்மாவின் விரல்களுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தேன். எதிரே மீன்காரர் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. ரொட்டியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போனார். ஒருவருடைய முகத்திலும் ஒன்றுமில்லை. எங்களைத்தான் பார்த்தார்கள். எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான் நெடுநேரம் இருந்தது.

அப்போது பக்கத்தில் இருந்த உண்மையான கதவு திறந்தது. தலைமயிரைச் சுருட்டி ஊசி குத்தியிருந்த ஒரு பெருத்த பெண்மணி, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து அம்மாவின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கி, உள்ளே கொண்டுபோய்க் குசினியில் ஒரு கதிரையில் இருத்தினார். நான் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். சீனி கரைத்த தண்ணீரை அம்மாவின் வாயில் அவரே பிடித்தார். அம்மாவின் பற்கள் கண்ணாடித் தம்ளரில் அடித்துக்கொண்டன.

அந்தப் பெண்மணி சுவர் மணிக்கூட்டைக் காட்டி "மிடி, மிடி" என்றார். யன்னலுக்கு வெளியே மலையைக் காட்டிக் கன்னத்தை உப்பி "பூம்!" என்றார். பிறகு அடுப்பில் கொதித்த பாத்திரத்தைக் காட்டி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதுபோல நடித்தார். எனக்குத்தான் முதலில் விளங்கியது. அந்த ஊரில் மத்தியானம் ஆனதும் மலையில் வெடி போடுவார்கள், எல்லாரும் சாப்பிடப் போவார்கள். நான் அம்மாவுக்கு அதை இங்கிலிஷில் சொன்னேன். அம்மா மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமுமோ?" என்றார் கடைசியில்.

நாங்கள் சதுக்கத்துக்குப் போனபோது, எண்ணெய் படிந்த வேலை உடுப்போடு மாமா நீரூற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வந்த வேகத்தில் அம்மாவின் முன்னால் நின்று, தொடுவதற்குக் கையை நீட்டி, கை அழுக்கு என்று இழுத்துக்கொண்டார்.

"சொல்ல மறந்திட்டன் அக்கா. வெடி கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. சொல்ல மறந்திட்டன்."

மாமா அழுகிற குரலில் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பெயின்ட் அடித்த சுவரைப் போய்த் தட்டினார் என்றேன். சுவரோடு பிரெஞ்சில் பேசினார் என்றேன். அம்மாவின் பிரெஞ்சைச் செய்தும் காட்டினேன்.

மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஆரும் திறந்தவையோ அக்கா?"

"ஓம். பக்கத்து வீட்டில திறந்தவ."

மாமா தலையாட்டினார். பிறகு நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவத் தொடங்கினார். நெடுநேரம் கழுவினார்.

அம்மா பேசியது பிரெஞ்சு அல்ல, சிங்களம். இதை நான் அறிந்தது வளர்ந்து பெரியவளான பிறகு, மாமா ஒருமுறை சிட்னிக்கு வந்திருந்தபோது. இலங்கையில் தமிழர்மேல் நடந்த ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தின்போது அம்மாவுக்குப் பதினாறு வயது, மாமாவுக்கு எட்டு. கொழும்பில் அவர்கள் இருந்த ஒழுங்கையில், தாயும் தகப்பனும் வீட்டில் இல்லாத ஒரு பின்னேரம், முதலில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஆட்கள் ஓடிவரும் சத்தம். அம்மா தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, ஒழுங்கையில் இருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, திறக்கச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினார். எல்லாம் தெரிந்த வீடுகள். வருடப் பிறப்புக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிய வீடுகள். உள்ளே ஆட்கள் நடமாடுவது கேட்டது என்றார் மாமா. ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மதகுக்குக் கீழே, சேற்றில், தம்பியின் வாயைப் பொத்தியபடி அம்மா விடியும்வரை கிடந்தார். மாமாவும் நீஸுக்கு வந்த முதல் நாள், அந்த வெடிக்கு ஒரு படகின் அடியில் போய் ஒளித்தவர்தானாம்.

"உன்ர அம்மாவுக்கு ஒரு அறிவித்தலும் இல்லாமல் அதைக் கேட்க வேண்டி வந்தது பிள்ளை. நான் சொல்லியிருக்க வேணும்," என்றார் மாமா. அவ்வளவு வருடம் கழித்தும் அவருக்கு அதுதான் குறை.

ஆனால் நீஸில் இருந்தபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மறுநாள் மாமா லீவு போட்டார். மத்தியானத்துக்குச் சற்று முன்னர், எங்கள் இருவரையும் கூழாங்கல் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். அம்மாவைக் கடலைப் பார்த்து நிற்க வைத்து, தான் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவருடைய காதுகளைப் பொத்தினார். அம்மா கண்களை இறுக மூடியிருந்தார். சுற்றிலும் படுத்திருந்த அரைகுறை உடைக்காரர்கள், சேலை கட்டிய பெண்ணையும் அவள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் நீண்ட தலைமயிர்க்காரரையும் வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்ப வரும் அக்கா. பயப்பிடாதையுங்கோ, இப்ப வரும்."

வெடித்தது. அம்மாவின் உடம்பு முழுவதும் ஒருமுறை உதறியது. ஓடவில்லை. கண்ணைத் திறந்து கடலைப் பார்த்தார், திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கோடா?"

"ஓம் அக்கா. சாப்பாட்டுக்குத்தான்."

முதலில் மாமாதான் சிரித்தார். பிறகு அம்மாவும் சிரித்தார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கற்களில் கால் சறுக்க, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. சோறு தின்ன வெடி போடுகிற ஊரை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் எண்ணினேன். நானும் சிரித்தேன். மூன்று பேரிலும் நான்தான் உரக்கச் சிரித்தேன்.