பிரளயத்துக்கு ஒரு உருளி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று கோட்டாற்றில் எனக்கு மூன்று கடைகள். மூன்றும் நானே உண்டாக்கியவை, ஒருவனும் கை கொடுக்கவில்லை. இதைக் கேட்டுக் கேட்டு என் பேரப்பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. ஆனால் உலகம் அழியப் போகிறது என்று தெரிந்ததும் எங்கள் ஊரில் ஏற்பாடு செய்த ஒரே ஆள் நான்தான் என்பதை அவர்களுக்கு இன்னும் சரியாகச் சொன்னதில்லை.

சுசீந்திரத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயிலில் பிரசங்கம் நடந்தது. நான்கு யுகங்கள் சேர்ந்தால் ஒரு சுற்று, அப்படி ஆயிரம் சுற்று பிரம்மாவுக்கு ஒரு பகல். அந்தி சாய்ந்து அவர் கண்ணயர்ந்தால் யானைத் துதிக்கைப் பருமனில் மழை பெய்து பூமி முங்கிப்போகும். மனு விதைகளையும் ஏழு ரிஷிகளையும் ஓடத்தில் ஏற்றிக் காப்பாற்றுவார். மறுபடி விடியும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதற்கு எத்தனை வருஷம் என்று பிரசங்கி லட்சம், கோடி என அடுக்கவும் செய்தார். என் கணக்கு நூறோடு முடிந்துபோயிருந்ததால் எண்களை விட்டுவிட்டு மழையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே மழை வந்தது. துதிக்கைப் பருமனில்தான் வந்தது. கும்பப்பூச் சாகுபடிக்கு நாற்றுப் பாவ வேண்டிய எங்கள் வயல் கண்டம் குளமாகக் கிடந்தது. அப்பா வரப்பை வெட்டிவிட மண்வெட்டியோடு போனார். அம்மா தொழுவத்தில் இருந்தாள். மனு செய்ய வேண்டியதை வீட்டில் வேறு யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

ஓடத்துக்குத் தோதானது ஊரில் ஒன்றுதான் இருந்தது: மாமா வீட்டில் பாயசம் வைக்கும் அகன்ற வெண்கல உருளி. மாமா அம்மாவின் தம்பி. அதே தெருவில்தான் வீடு. முந்தின கன்னிப்பூச் சாகுபடியில் மடைத் தண்ணீரை யார் அடைத்தது என்று அப்பாவுக்கும் அவருக்கும் தகராறாகி, பேச்சு நின்று, அம்மா பிறந்த வீட்டு வாசலை மிதிக்காத காலம் அது. எனக்கென்ன? நேராகப் போய் உருளி வேண்டும் என்றேன்.

மாமா திண்ணையிலிருந்து எழுந்தார். "அக்கா கேட்டாளா?"

ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்காமல் உருளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையோடு மழையாக என் பின்னால் வந்தார். எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார். நான் அதை முற்றத்துக்கு இழுத்து, விதைநெல்லை ஓலைக் கடவத்தில் அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஓடத்துக்கு மேலே ஏதாவது மூட வேண்டும் என்று பிரசங்கி சொல்லியிருக்கவில்லை.

அப்பா வந்தபோது நெல் முழுக்க ஊறிக் கிடந்தது. அந்தப் பூவுக்கு வீட்டில் இருந்த விதை அவ்வளவுதான். நனைந்த விதையை உடனே பாவ வேண்டும். பாவுவதற்கோ கண்டம் இல்லை. அதுவும் யாருடைய உருளியில்! அப்பா என் காதைப் பிடித்தார். அக்கா வீட்டில் என்ன விசேஷம் என்று அறியாமல் இருக்க முடியாத மாமா, அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார்.

"ஏலே, என்னதுலே இது?" என்றார் அப்பா.

பிரம்மா உறங்கப் போவதை விளக்கினேன். ரிஷிகளுக்கு எங்கே போவது, அதனால் வீட்டு ஆட்களையே ஏற்றப் போவதாகச் சொன்னேன். "நீங்க இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். ரெண்டு பேரும் இல்லேன்னா ஓடம் சரிஞ்சிரும்."

காது விடுபட்டது. யாரும் சிரிக்கவில்லை. மாமா உள்ளே வந்து, குனிந்து, ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார்.

"அத்தான், இது முளை கட்டிரும். எங் கண்டம் மேடு, தண்ணி நிக்கல்ல. அங்க பாவிருவோம்." அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, நெல்லைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா துவர்த்தால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு தொழுவத்துப் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஒந் தம்பி நனஞ்சு நிக்கான். காப்பி போடு" என்றார்.

எங்கள் விதை மாமா கண்டத்தில் முளைத்தது. மழையும் விட்டது. என் ஓடத்தைக் கண்டுதான் பிரம்மா உறக்கத்தைத் தள்ளிப்போட்டார் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்றுவதாக இல்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. உருளியை எடுத்துப்போக மாமா அடிக்கடி வருவார். அப்பாவோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார். பொழுது சாய்ந்ததும் வெறுங்கையோடு எழுந்து போவார். அம்மாவும் நினைவுபடுத்த மாட்டாள். இவ்வளவு மறதிக்காரரா மாமா என்று பொறுக்க முடியாமல், ஒருநாள் நானே அதை வாசல்வரை உருட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். அம்மா ஓடி வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, உருளியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.