சங்கிலியில் தொங்கிய கையுறை

நீவெஸுக்குச் சுரங்கம் என்றால் பயம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவிலிருந்து மூட்டை முடிச்சோடு சைக்கிள் மிதித்து வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. பழைய ரயில் நிலையத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிற அவளிடம் அவர்கள் வழி கேட்பார்கள். "தைரியமா போங்க. ஒரு காரும் வராது, லாரியும் வராது. உள்ள பளிச்சுனு லைட் எரியும்" என்பாள். அவர்கள் வளைவில் மறைந்ததும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொள்வாள். இத்தனைக்கும் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு அதைச் சைக்கிள் பாதையாக்கிய நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அந்தச் சுரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கில் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அவள் அரண்டதற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா இதே பாதையில் தண்டவாளம் பார்த்த ஆள். அந்த ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கத்துக்குள் போகும்போது ஒரு கையுறையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுவார்கள், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். கையுறை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். மலைக்கடியில் தூங்கும் ஓர்கோலாத் பூதம் புரண்டு படுத்து, நிலம் நடுங்கி ஊரே இடிந்ததே, அன்று நீவெஸ் சிறுமி. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் வாசலில் நின்றிருந்தாள். அப்பா உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு வெளியே ஓடி வந்து தன் கையுறையை எடுத்தார். பக்கத்து ஆணியில் இன்னொன்று தொங்கியது. அதை எடுக்க யாரும் வரவில்லை. குளிர்காலம் முழுக்க அது அங்கேயே தொங்கியது. அதைத் தொட ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ரயில் புதுப் பாதைக்குப் போய்விட்டது, ஆணியும் போய்விட்டது, வழக்கம் மட்டும் போகவில்லை. பெருமழை பெய்தால் நகராட்சி சுரங்கத்துக்கு முன்னால் பாதைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சங்கிலி கட்டும். அது வெளியூர்க்காரனுக்கு. உள்ளூர்க்காரன் "மலைக்கு நம்மளத் தெரியும்" என்று சொல்லிச் சைக்கிளைத் தூக்கிச் சங்கிலியைத் தாண்டுவான், ஒரு கையுறையை அதில் மாட்டிவிட்டு. அந்தப் பக்கமாகவே இறங்கிப் போய்விட்டால் வீட்டுக்குப் போன் பண்ணி, அதை எடுத்து வைக்கச் சொல்லுவான். இதில் யாரும் பொய் சொன்னதில்லை.

நீவெஸின் கணவன் எர்மெஸ் பயம் என்ற சொல்லையே கேள்விப்படாதவன் மாதிரி திரிகிறவன். மழைக்குப் பிறகு பாதையில் விழுந்த கற்களைப் பெருக்கித் தள்ளுவது அவன் வேலை. அந்த ஆகஸ்ட் நாளில் காலையிலேயே கொட்டித் தீர்த்து, சங்கிலி கட்டியாகிவிட்டது. மத்தியானம் பொலெந்தா என்ற சோளக்களியையும் வறுத்த பாலாடைக்கட்டியையும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு எழுந்தான்.

"சுரங்கத்துக்கு அந்தப் பக்க வாய்க்கால் அடைச்சிருக்கும். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"போகாத. மழை இன்னும் மேலேயே நிக்குது."

"உனக்கு மேகம் இருந்தாலும் பயம், இல்லாட்டியும் பயம். உங்கப்பன் உனக்குப் பதிலா ஒரு முயலப் பெத்திருக்கலாம்."

"முயலுக்குப் புத்தி எவ்வளவோ மேல். உன்னையக் கட்டிக்கிட்டிருக்காது."

அவன் சிரித்துக்கொண்டே போனான். சால்ஸ்பர்க்கிலிருந்து வந்த தம்பதி, பாதை எப்போது திறக்கும் என்று தொணதொணத்தபடி டியூபை ஒட்டுப் போடக் கொடுத்திருந்தார்கள். அதில் தலையைக் கவிழ்த்திருந்தவள் அவன் போனதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் மனம் கேட்கவில்லை. சங்கிலி வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். வழியில் லீனோவின் மதுக்கடைச் சுவரில் எர்மெஸின் சிவப்புச் சைக்கிள் வழக்கம்போலச் சாய்ந்து நின்றது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்துவிட்டான், உள்ளே ஒரு சின்னக் கிளாஸ் ஒயினோடு கதை அளந்துகொண்டிருப்பான். மேலே போனால் சங்கிலியில் அவன் வலக்கைக் கையுறை தொங்கியது. கட்டைவிரலில் அவள் நீல நூலால் போட்ட தையல். மறதிக்காரன், எடுக்காமல் வந்துவிட்டான். மழை அப்போதுதான் மறுபடி துளி போட ஆரம்பித்தது. தோல் நனைந்தால் விறைத்துப்போகும் என்று அதை எடுத்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், தோல் கெடுமே என்பது சாக்கு. தொங்கும் கையுறையைப் பார்க்க அவளால் முடியாது. காற்றில் அது ஆடினால் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அவள் நிலையத்துக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம்தான். மலை இறங்கியது. இடி என்றால் ஒரு முறை இடித்துவிட்டு நிற்கும். இது நிற்காமல் உருண்டது. அலமாரியில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. நீவெஸ் மேசைக்கடியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

தீயணைப்புத் தொண்டர்கள் வண்டியில் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி டோரீனா, நீவெஸோடு பள்ளியில் படித்தவள். சுரங்கத்தின் அந்தப் பக்க வாசல் மண்ணும் பாறையுமாக அடைபட்டுப் போனதாகக் கீழ் ஊரிலிருந்து தகவல். டோரீனா சங்கிலியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வயர்லெஸ்ஸில் சொன்னாள்.

"சங்கிலில கையுறை இல்ல. உள்ள யாரும் இல்ல. மலை அடங்கட்டும், காலைல தோண்டலாம்."

அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. கையுறை இல்லையென்றால் ஆள் இல்லை. நீவெஸும்கூட ஆறுதலாகப் பெருமூச்சு விட்டாள். ஊரே கூடியிருக்கிறது, இந்த மனுஷன் இன்னும் குடித்துக்கொண்டா இருக்கிறான் என்று திட்டுவதற்குத்தான் மதுக்கடைக்குப் போனாள்.

"எங்க அவன்?"

"எர்மெஸா? மத்தியானம் வந்துட்டு அப்பவே போயிட்டானே" என்றான் லீனோ.

"அப்ப வெளிய நிக்கிற சைக்கிள்?"

லீனோ தலையைச் சொறிந்தான். "திட்டாத. அவனுக்கு முட்டி வலி. உன் கொட்டகைல இருந்து பேட்டரி சைக்கிள எடுத்து என் கொல்லையில வெச்சிருந்தான். இதை இங்க நிறுத்திட்டு அதுல போனான். பேட்டரி சைக்கிள் நோயாளிங்க சமாச்சாரம்னு ஊரெல்லாம் நையாண்டி பண்ணினவனே அவன்தானே, வெக்கம். உங்கிட்ட சொல்லக்கூடாதுனு சத்தியம் வாங்கிட்டான்."

"லீனோ. அவன் திரும்பி வந்தானா?"

"வரல. கையுறை இல்லைனு டோரீனா சொன்னா. சரி, அந்தப் பக்கம் இறங்கிட்டு உங்கிட்ட எடுக்கச் சொல்லிட்டான்னு நெனச்சேன்."

நீவெஸ் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தாள். லீனோ கையுறையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், டோரீனாவைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினான். அவள் அதை மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டு, சுவரில் நின்ற சிவப்புச் சைக்கிளை எடுத்தாள்.

"நீவெஸ், நில்லு! கயிறும் ஸ்ட்ரெச்சரும் எடுத்துட்டு வர்றோம்! தனியா போகாதடீ!" டோரீனா கத்தினாள். அவள் நிற்கவில்லை. நின்றால் பயம் பிடித்துக்கொள்ளும், பிறகு போகவே முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சுரங்க வாசலில் எப்போதும் முகத்தில் குளிர்காற்று அடிக்கும். அன்று காற்றே இல்லை. மறுமுனை அடைபட்டுவிட்டது என்பதை அவள் உடம்பு அப்போதுதான் உணர்ந்தது.  உள்ளே போனதும் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது, பிறகு அடுத்தது. ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்றால் அணையும் விளக்குகள் அவை. அவளுக்கு முன்னால் ஒன்று எரிய எரியப் பின்னால் ஒன்று அணைந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். மணியை அடித்தாள். மணிச்சத்தம் போய் எதிலோ மோதித் திரும்பி வந்தது, வேறு பதில் இல்லை.

வளைவு திரும்பினாள். எதிரே ஒரே இருட்டு. அங்கே எதுவும் அசையவில்லை. அசையாத மனிதன் எப்படியிருப்பான் என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை, ஆனால் நினைப்பு வந்தது.  இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாம், டோரீனா வருவாள் என்று ஒரு மனம் சொன்னது.

அப்போது தொலைவில் ஒரு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மண் சரிவின் ஓரத்தில் எர்மெஸ் மல்லாந்து கிடந்தான். இடது கால் ஒரு பாறைக்கடியில். பேட்டரி சைக்கிள் நசுங்கிக் கிடந்தது. அவன் வலது கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நீயா?" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஊர்ல வேற ஆளே இல்லையா, முயல அனுப்பியிருக்காங்க?"

"வாய மூடு. கால அசைக்காத. டோரீனா பின்னாலேயே வர்றா."

"கைய மட்டும்தான் ஆட்டறேன். ஆட்டலைனா லைட் போயிடுது. இருட்டு நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்குது, நீவெஸ். உன்ன எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"பயத்துல கத்தியே செத்திருப்பேன்" என்றான். "ஆனா கையுறைய மாட்டிட்டுத்தானே வந்தேன். அது அங்க தொங்குது, யார் கண்ணுலயாவது படும், வந்துடுவாங்கனு அதையே சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். அது மட்டும் இல்லைனா…"

 இருவரும் அசையாமல் இருந்ததில் விளக்கு அணைந்தது. வாழ்நாளெல்லாம் எந்த இருட்டுக்குப் பயந்தாளோ அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள், இப்போது வெளிச்சம் வந்துவிடுமே என்று பயந்தாள். வளைவுக்கு அப்பால் ஆட்களின் குரல் கேட்டது. லீனோ வருவான், அவனுக்கு எல்லாம் தெரியும்.

நீவெஸ் பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, அவன் கையில் மாட்டிவிட்டாள். அந்த அசைவுக்கு விளக்கு எரிந்தது.

எர்மெஸ் தன் கையைப் பார்த்தான். கட்டைவிரலின் நீல நூலைப் பார்த்தான். வெளியே மழை கொட்டும் சத்தம் இங்கே வரை கேட்டது.

"இது நனையவே இல்லையே" என்றான்.