வெர்னா உட்காரவைத்த பிள்ளைகள்

வெர்னா பெல்வினுக்கு எங்கள் கோட்டையில் இருந்த வேலை, பிள்ளைகளைச் சாகடிப்பது. எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். வெளியே சொன்னால் யாராவது போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஜேம்ஸ் ஆற்றங்கரையில் முதன்முதலாக வந்து இறங்கிய இங்கிலீஷ்காரர்கள் எப்படிக் குடியிருந்தார்களோ, அதே மாதிரி மரக்கழி நட்டு, களிமண் பூசி, கூரை போட்டு, பிள்ளைகள் பார்ப்பதற்காக ஒரு கோட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பாடம். மார்ச் பிறந்தால் போதும், காலையிலிருந்து மஞ்சள் பஸ்கள் வந்து கொட்டும். நான் அக்கரையில் சர்ரியிலிருந்து படகேறி வந்து அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். சாம்பலில் சோள ரொட்டி சுட்டுக் காட்டுவது என் வேலை. என் கறுத்த முகத்தையும் ஏப்ரனையும் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு பிள்ளை தினமும் கேட்கும்: "நீங்க அடிமையா இருந்தீங்களா மேம்?"

"இல்ல கண்ணு. ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு இருந்தேன். அதுக்கு இது தேவலாம்" என்பேன். ஆசிரியைகளுக்கு முகம் சிவந்துவிடும். சிவக்கட்டும்.

எனக்கு நடிப்புக் கிடையாது. என் பெயரிலேயே, லூவினியாவாகவே வரலாம், லூவினியாவாகவே போகலாம். வெர்னாவுக்கு அப்படி இல்லை. வெள்ளைத் துணிக்குல்லாவைத் தலையில் கட்டிவிட்டால் அவள் நானூறு வருஷத்துக்கு முந்தைய குடியேறிப் பெண். கைக்கடிகாரம் கூடாது, போன் கூடாது. விமானம் தலைக்கு மேலே போனாலும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பிள்ளைகள் முன்னால் சொந்தப் பேச்சுப் பேசவே கூடாது என்பது அங்கே சட்டம்.

அவள் சொல்லித்தருவது பட்டினிக் குளிர்காலத்தை. வாசலில் ஆளுக்கொரு வட்டமான மரவில்லை கொடுப்பார்கள். அதில் அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த ஒருவரின் பெயர் இருக்கும். முக்கால்வாசி வில்லைகளின் விளிம்பில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டிருக்கும். பிள்ளைகள் கழிவேலி ஓரமாக வரிசையாக நிற்பார்கள். வெர்னா வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே சொல்லுவாள். சோளம் தீர்ந்துபோனது. நம்ம ஆட்கள் பூர்வகுடிகளின் சோளத்தைப் பிடுங்கித் தின்றதால் அவர்கள் கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். வெளியே போனால் அம்பு, உள்ளே இருந்தால் பசி. முதலில் குதிரையைத் தின்றோம், பிறகு நாயை, பிறகு எலியை, பிறகு பூட்ஸ் தோலை வேகவைத்தோம். சொல்லிக்கொண்டே வில்லையைப் பார்ப்பாள். வெட்டு இருந்தால் அந்தப் பிள்ளையின் தோளைத் தொடுவாள். தொட்டால் மண்ணில் உட்கார்ந்துவிட வேண்டும், பேசக் கூடாது. கடைசியில் ஐந்தில் ஒருவர்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த மிஞ்சியவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய் வில்லையை வாங்கி, உரக்கப் பெயரைச் சொல்ல வேண்டும். "இன்னார். அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்." அவ்வளவுதான் பாடம். புத்தகத்தில் ஒரு மாதம் மண்டையை உடைத்தாலும் ஏறாதது இதில் ஏறிவிடும்.

முன்பெல்லாம் வெர்னா அதைச் செய்வதைப் பார்க்க நானே அடுப்பை விட்டுவிட்டு வருவேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து வம்பிழுப்பாள். "நல்லாக் கொழுகொழுன்னு இருக்கியே, உன்னைப் பார்த்தா எனக்கே பசிக்குதே" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பக்கத்தில் நின்றவன் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

பிப்ரவரியில் அவள் மகன் ட்ராவிஸ் சிப்பி எடுக்கப் போனவன் திரும்பவில்லை. இருபத்தாறு வயது. அவர்கள் ஊரான க்ளோஸ்டரில் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எல்லோருக்குமே வளைகுடாதான் சோறு. படகு சதுப்பில் முட்டிக்கொண்டு, என்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. ஆள் இல்லை. கடற்காவல் படை தேடியது. பிறகு ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளில் தேடினார்கள். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரமே வெர்னா வேலைக்கு வந்துவிட்டாள். குல்லாவைக் கட்டினாள், வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுக் கிடையாது. கட்டிப்பிடிக்கப் போன எல்லோரிடமும் "நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். பொய் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் மரத்துப் போயிருந்தாள். ஒருநாள் கனன்ற சட்டியை வெறுங்கையால் எடுத்து இறக்கிவைத்தாள். நான் பதறிப் போய்க் கையைத் தண்ணீரில் முக்கினால், யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மகன் பெயரை மட்டும் சொல்லவே மாட்டாள். "அவன் ட்ரக்கு", "அவன் ரூமு", அவ்வளவுதான்.

மே மாதம் அவர்கள் சர்ச்சில் படகுகளுக்கு ஆசி சொல்லும் ஞாயிறு வரும். துறையில் எல்லாப் படகும் வந்து நிற்கும். அந்த வருஷம் தண்ணீருக்குப் பலியானவர்களின் பெயரைச் சொல்லி மணி அடிப்பார்கள். பெயரைப் பாதிரியார் சொல்ல மாட்டார். பெற்ற தாய் உயிரோடு இருந்தால் தாய்தான் சொல்ல வேண்டும். அவள் வாய் திறக்காவிட்டால் மணி கிடையாது. புதைக்க உடல் இல்லாத வீட்டுக்கு அந்த மணிதான் அடக்கம்.

வெர்னாவின் புருஷன் எல்வுட் அதற்கு முந்தைய வாரம் என் அடுப்படி வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரொட்டியையே பார்த்தார்.

"லூவினியா, நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க. நான் சொன்னா எந்திரிச்சுப் போயிடுறா."

"என்ன சொல்லணும்?"

"ஞாயித்துக்கிழமை அவ சொல்லணும். இல்லேன்னா இந்த வருஷம் அவனுக்கு மணி இல்ல. என் அப்பாவுக்கு அடிச்சாங்க, என் தம்பிக்கு அடிச்சாங்க. என் பையன் மட்டும் எங்கேயும் இல்லாம கிடக்கணுமா?"

எனக்கு வெர்னா மேல்தான் கோபம் வந்தது. துக்கம் அவளுக்கு மட்டும் சொந்தமா? மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, உன் வாய்ல என்ன பூட்டா தொங்குது? தினமும் ஊரான் பிள்ளைங்க இருபது பேரைச் சாகடிச்சிட்டு வந்து நிம்மதியாச் சாப்பிடுற. பெத்த பிள்ளை பேரை ஒரு தடவ சொல்ல முடியாதா?"

அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

"சொன்னா முடிஞ்சு போச்சு, லூ" என்றாள். "யாரும் பார்க்கல. படகைத்தான் பார்த்தாங்க. பார்க்காததை நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப அவன் வருவான்னு நினைக்கிறியா?"

"நினைக்கல."

"பின்ன?"

"ஒண்ணும் நினைக்கல. நீ சாப்பிடு."

கல்லில் நார் உரிப்பதுபோலத்தான். விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை ஹாம்ப்டனிலிருந்து ஒரு வகுப்பு வந்தது. ஆசிரியை மிஸ் ப்ரையர், குரல் போய்த் தொண்டை கட்டியிருந்த பெண். பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து பார்த்தேன். வெர்னா குதிரை, நாய், எலி என்று சொல்லிக்கொண்டே போனாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரிடமும் குனியவில்லை, எந்த வில்லையையும் பார்க்கவில்லை. கை தானாகப் போய்த் தோளைத் தொட்டது. பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தன.

நீலச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண், கீயோனா என்று பெயர், தொட்ட பிறகும் நின்றாள்.

"உட்காரு" என்றாள் வெர்னா.

"மாட்டேன். நான் சாகல."

"தொட்டாச்சு. உட்காரு."

"தொட்டா செத்துடுவாங்களா? என் வில்லையில வெட்டே இல்ல. நீங்க பார்க்கவே இல்ல மேம். சும்மா நீங்களா முடிவு பண்றீங்க."

"கீயோனா, பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள் மிஸ் ப்ரையர், இருக்கிற குரலில்.

"அவங்கதான் விளையாட்டைத் தப்பா ஆடுறாங்க மிஸ். பார்க்காமலே செத்துட்டேன்னு சொன்னா நான் ஒத்துக்கணுமா?"

உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கிக்கிக்கென்று சிரித்தன. வெர்னா கையை நீட்டி வில்லையை வாங்கினாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். ஒரு சுற்று வந்து, மறுபடி ஒரு சுற்று. எங்கேயாவது வெட்டுத் தட்டுப்படாதா என்று தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"வெட்டு இல்ல" என்றாள். அது அந்தக் காலத்துப் பெண்ணின் குரல் இல்லை. அவளுடைய சொந்தக் குரல், சிப்பிக்காரர்கள் பேசுகிற இழுவையோடு. "நீ சொன்னது சரிதான். நீ சாகல. நான் பார்க்கல."

வில்லையைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டடி வைத்தாள். அப்படியே பிள்ளைகளுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மாவுக் கையோடு ஓடினேன். "எந்திரி வெர்னா" என்று தோளைப் பிடித்தால், தள்ளிவிட்டாள். பிள்ளைகளுக்கு அது பாடத்தில் ஒரு பகுதி என்று நினைப்பு. நின்றிருந்தவர்கள் சொல்லித்தந்தபடியே கிளம்பி, உட்கார்ந்திருந்தவர்களின் வில்லைகளை வாங்கிப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்னார், அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். இன்னார், அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். கீயோனா நேரே வெர்னாவிடம் வந்து நின்று கையை நீட்டினாள்.

"உங்க வில்லை மேம்?"

"என்கிட்ட இல்ல."

"உட்கார்ந்தவங்களுக்குப் பேர் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க. வில்லை இல்லேன்னா பரவால்ல. பேரச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

இந்தப் பிள்ளையை நான் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். எல்வுட்டின் முகம் கண்முன் வந்தது. விட்டுவிட்டேன்.

வெர்னா குல்லாவின் முடிச்சை அவிழ்த்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, "ட்ராவிஸ்" என்றாள்.

"ட்ராவிஸ் மட்டுமா? முழுப்பேர் வேணும்."

"ட்ராவிஸ் வேட் பெல்வின்."

அந்தப் பெண் காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"ட்ராவிஸ் வேட் பெல்வின். அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்."

வெர்னாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அழுதாள். மூன்று மாதமாக வராதது மூக்கிலும் வாயிலும் ஒழுகிக்கொண்டு வந்தது. மிஸ் ப்ரையர் மற்றப் பிள்ளைகளை என் அடுப்பங்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். கீயோனா மட்டும் நகரவில்லை. அவளுக்கும் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா மேம்?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்ன." வெர்னா அவளுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு."

அவள் சொன்னாள். ஆறேழு தடவை சொல்லவைத்தாள். அங்கே என் ரொட்டியெல்லாம் கரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தத் துறைக்குப் போயிருந்தேன். பாதிரியார் வெர்னாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுந்திருக்கவே வெகுநேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள், திரும்பி முறைத்தேன். எல்வுட் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். வெர்னா தண்ணீரைப் பார்த்து மகனுடைய முழுப்பெயரையும் சொன்னாள். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் அத்தோடு இழுக்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தக் குளிர்காலத்துல செத்துப் போனான்" என்றாள். "இப்ப அடிங்க."