பெரியம்மா பாதியில் விட்ட ஆறாவது பாட்டு

அந்த யோசனை வந்தபோது என் வலது கை முழுக்கப் புரியாணி. சிலாபத்தில் ஒரு கலியாணம். மேடையில் தொப்பி போட்ட நடுவயதுக்காரர் ஐந்து பேர் ஆங்கிலத்தில் கன்ட்ரி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் பைலா ஆட்டப்பாட்டுத் தொடங்க முதல் அரை மணித்தியாலமாவது கன்ட்ரி போகும், யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. பிறகு ஓரத்தில் இருந்தவர் கிட்டாரை மடியில் கிடத்தி, ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கினார். ஒரு சுரம் மேலே ஏறி, நிற்க இடமில்லாமல், கீழே இழுபட்டு வந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோவிலில் பசாம் பாடும்போது பெரியம்மாவின் குரல் அப்படித்தான் இறங்கும்.

பசாம் தவக்காலத்துப் புலம்பல். செத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு மாதா அழுவது.

கையைக் கழுவாமலே மேடைக்குப் பின்னால் போனேன்.

“அங்கிள், எங்கட கோவில் பாட்டுகளுக்கு இப்பிடி வாசிப்பீங்களோ? ஆறு பாட்டு. அல்பம்.”

“சேர்ச் பாட்டா? நாங்க தண்ணிப் பாட்டுக்காரங்க, துவ,” என்றார் கிட்டார்க்காரர். சிங்களத்தில் மகளே என்று கூப்பிடுகிற மாதிரி.

“இவர்ட பாவங்களைப் பாவசங்கீர்த்தனத்தில கேட்டுக் கேட்டே எங்கட சாமிக்கு வயசு போயிட்டு,” என்றார் டிரம்ஸ்காரர்.

“எல்லாம் அழுகைப் பாட்டு, அங்கிள்.”

“அதெண்டா வாறம்,” என்றார் கிட்டார்க்காரர். “கன்ட்ரில முழுக்க அழுகைதானே. பொஞ்சாதி போனா அழுகை, நாய் செத்தா அழுகை, லொறி நிண்டாலும் அழுகை.”

அந்த ஆண்டு ஆவணிக்குள் ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. கோவில் வளவில் மறைக்கல்வி அறை, என் மடிக்கணினி, ஒரு மைக், பாடகர் குழுவில் நான்கு பெண்கள், வான் வண்டியில் வந்திறங்கிய தொப்பிக்காரர்கள். திருப்பலியில் பாடிப் பாடித் தேய்ந்த பாட்டுகள் அந்த இரும்புத் துண்டுக்குக் கீழே புதிதாக எழும்பின. இரண்டாவது பாட்டு முடிந்தபோது டிரம்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புக் காற்று என்றார்.

ஆறாவது பாட்டுத்தான் பெரியம்மாவின் பசாம். இந்த அல்பமே அதற்காகத்தான்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. நான் பிறக்க முதலே குடும்பமாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கற்பிட்டிப் பக்கம் வந்தவர்கள். அவருக்கு ஒரே மகன், எனக்கு அண்ணா. நான் ஓ.எல். பரீட்சை எடுத்த வருடம் அவுஸ்திரேலியாவுக்கென்று இந்தக் கரையிலிருந்து படகேறினான். அந்தப் படகில் போன ஒருவரிடமிருந்தும் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கார்த்திகையில் இறந்தவர்களின் பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதிப் பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியில் போடுவோம். பெரியம்மா அதில் அண்ணாவின் பெயரைப் போட்டதே இல்லை. பக்கத்தில் பயணம் போனவர்களுக்கான பெட்டி இருக்கும், அதில் போடுவார். ஒவ்வொரு வருடமும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், பசாமை அவர் வீட்டிலேயே பதிவுசெய்யலாமா என்று கேட்டேன்.

“வீட்டுக்குள்ளயோ, பிள்ள?”

“ஓம், பெரியம்மா. மறைக்கல்வி அறை தகரக் கூரை. காகம் நடந்தாலும் மைக்கில கேக்கும். உங்கட குரல் மெல்லிசு.”

“வீட்டில பசாம் பாடுறேல்லயே. பிரேதம் கிடந்தாத்தானே பாடுவினம்.”

“இது ரெக்கோடிங்தானே. மெத்தை சாத்தி மூடிவிடுவன், வெளிய ஆருக்கும் கேக்காது.”

“கடவுளுக்குமோ?” என்று சிரித்தார். பிறகு, “நீ ஒண்டைப் பிடிச்சா விடமாட்டாய்,” என்றார்.

அடுத்த நாள் காலை, பெரியம்மா பூசைக்குப் போன நேரத்தில், நான் அவர் வீட்டு விறாந்தையைத் தயார்செய்தேன். கதிரை, மேசை எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தேன். சத்தம் பட்டுத் திரும்புமென்று கண்ணாடி அலுமாரியை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினேன். ஜன்னல்களைச் சாத்தி மெத்தையால் அடைத்தேன். நடுவில் ஒரு பாய் விரித்தேன். சுவரில் மாட்டியிருந்த படங்களின் கண்ணாடி அதிருமென்று கழற்றி அறைக்குள் கட்டிலில் வைத்தேன். வேலை முடிந்ததும் கை தட்டிப் பார்த்தேன். எதிரொலியே இல்லை. எனக்கு என்ன சந்தோஷம்.

பெரியம்மா வந்து வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு பாயில் இருந்தார். கிட்டார்க்கார அங்கிள் எதிரே ஒரு முக்காலியில், கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு. மற்றவர்கள் வரவில்லை. நான் காதில் ஹெட்போனை மாட்டி விரலை உயர்த்தினேன்.

முதல் அடி பாடினார். அங்கிளின் இரும்பு அந்தக் குரலைத் தொட்டபோது எனக்குப் புல்லரித்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடி ‘மகனே’ என்று தொடங்கும். ‘ம’ வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நேராகப் போனது. பெரியம்மா மூச்செடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நிமிர்ந்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன்ர படம் எங்க?”

“உள்ளுக்கு வச்சிருக்கிறன், பெரியம்மா. கண்ணாடி அதிரும் எண்டு…”

“ஆர் கழட்டச் சொன்னது?”

அப்போதுதான் அந்த விறாந்தையை நானும் பார்த்தேன். வெளியே போட்ட கதிரைகள், வெள்ளை மூடிய அலுமாரி, நடுவில் பாய். பிரேதம் வரும் வீட்டை எங்கள் ஆட்கள் இப்படித்தான் ஒழுங்குசெய்வார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

“இந்த வீட்டில ஆரும் சாகேல்ல, பிள்ள,” என்றார் பெரியம்மா. சத்தம் போடவில்லை. எழும்பிப் போய்ப் படத்தை எடுத்து வந்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, திரும்ப ஆணியில் மாட்டினார். அங்கிளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். அங்கிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை குனிந்தே இருந்தார்.

அந்தக் கார்த்திகையில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பெரியம்மாவைப் பார்த்தேன். கையில் துண்டு இருந்தது. இறந்தவர்களின் பெட்டியிலும் போடவில்லை, பயணம் போனவர்களின் பெட்டியிலும் போடவில்லை. மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த பெரிய வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கத்தில் வழக்கமான இடத்தில்தான் இருந்தார். வாய் திறக்கவில்லை. வருடத்தில் பசாம் பாடும் அந்தச் சில நாள், மாதாவின் மகன் என்ற சாட்டில் தன் மகனுக்காக அழலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதை நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன்.

அல்பம் ஐந்து பாட்டோடு வந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள், வாழ்த்தினார்கள். வாழ்த்துகிறவர்களுக்கு என்ன பதில் போடுவதென்று தெரியாமல் கும்பிடும் கைப்படத்தை அனுப்பினேன். அங்கிள் இப்போதும் போன் எடுப்பார். பாட்டுப் பற்றிக் கேட்பதில்லை. “பெரியம்மா நல்லமா, துவ?” என்பார். நான் ஓம் என்பேன்.

வருகிற கிழமை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பசாமை இரண்டு வரிசையாக இருந்து பாடுவார்கள். ஒரு வரிசை விட்ட அடியை எதிர்வரிசை எடுக்கவேண்டும். நான் இதுவரை பெரியம்மாவின் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். முதல் வெள்ளிக்கிழமை எதிர்வரிசையில், அவருக்கு நேரே இருக்கப்போகிறேன். போன் வீட்டில் இருக்கும். எனக்குக் குரல் இல்லை, சுருதியும் பிசகும். ஆனாலும் முதல் இரண்டு அடியை நானே பாடிவிட்டு, மூன்றாவது அடிக்கு முன்னால் நிறுத்துவேன். எடுப்பதும் விடுவதும் பெரியம்மாவின் விருப்பம்.

வீட்டில் பசாம் பாடிப் பழக முடியாது. அது இப்போது எனக்குத் தெரியும். அதனால் இரண்டு நாளாகப் பின்னேரம் கடற்கரைக்குப் போய், வலை காயப்போட்ட இடத்தைத் தாண்டி நின்று பாடிப் பார்க்கிறேன். இரண்டாவது அடி இன்னும் சரியாக இறங்கவில்லை. நாளைக்கும் போகவேண்டும்.